குடம், உயரப் பலகை, மாங்காய்ப் பருவம்: தர்மபுரியில் ஒரு திட்டத்தை அளப்பது எப்படி

தர்மபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள் உள்ளன. எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு திட்டத்தின் பெயர்ப்பலகை நிற்கும். மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு, திறந்துவைத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பணத்தால் ஊரில் யாருக்கு என்ன மாறியது என்பது மட்டும் இருக்காது. வளர்ச்சிப் பொருளாதார ஆய்வின் வேலை அந்த விடுபட்ட வரியை எழுதுவதுதான். ஏழை நாடுகளில் அந்த வரி உயிர் காக்கும் அளவுக்கு முக்கியமானது. அங்கே ஒரு ரூபாயைத் தவறான இடத்தில் போட்டால், சரியான இடத்துக்குப் போட இன்னொரு ரூபாய் இருக்காது.

பெரும்பாலும் நடப்பது முன்–பின் ஒப்பீடுதான்: திட்டத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு, ஆகவே வெற்றி. குழந்தைகள் விஷயத்தில் இது சுத்தமாக எடுபடாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டு கழித்துப் பாட்டும் எண்ணும் கூடுதலாகத் தெரிவது திட்டத்தால் அல்ல, வயதால். நல்ல மழை பெய்த ஆண்டில் எந்தத் திட்டமும் வெற்றி பெற்றதாகத் தெரியும். ஏரி வறண்ட ஆண்டில் எல்லாம் தோற்றதாகத் தெரியும். அதனால் திட்டம் போகாத ஊரையும் அதே நாளில், அதே கேள்வியோடு போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஊரை அதிகாரியோ ஆய்வாளரோ தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் வறுமையை ஆராய்ந்ததற்காகத்தான்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கலில் வந்தவற்றுக்கு மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பு. பதிவேடு, சத்துமாவு, வீடு போய்ப் பார்ப்பது எல்லாம் ஏற்கெனவே இருந்த பணியாளரிடமே இருந்தன. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில், மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண் கணிதத்தில் 0.29 திட்ட விலக்கமும் மொழியில் 0.46 திட்ட விலக்கமும் கூடியது. (திட்ட விலக்கம் என்பது ஒரு புள்ளியியல் அளவு: பிள்ளைகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதைச் சொல்லும்.) வயதுக்கேற்ற உயரமில்லாத வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. என் மனதில் தங்கியது அந்தக் கடைசிச் செய்திதான். கற்பிக்க ஆள் போட்டதும் பழைய பணியாளருக்குச் சத்துணவைக் கவனிக்க நேரம் கிடைத்தது. குலுக்கலும் அளவீடும் இல்லாமல் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இதே போன்ற ஒன்றை தர்மபுரி, கிருஷ்ணகிரியில் செய்வதாக வைத்துக்கொள்வோம். எத்தனை மையம் வேண்டும்?

0.2 திட்ட விலக்க மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், பக்கத்துக்குச் சுமார் 400 பிள்ளைகள் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு (திட்டம் கிடைத்த மையங்கள் ஒரு பக்கம், கிடைக்காதவை மறுபக்கம்). பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாமல் சிதறி இருந்தால்தான் அது சரி. ஒரே மையத்துப் பிள்ளைகள் ஒரே தண்ணீர் குடித்து, ஒரே பணியாளரிடம் வளர்கிறார்கள்; ஓரளவு ஒத்தே இருப்பார்கள். அந்த ஒற்றுமை 0.15 என்று கொண்டால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் அப்படியே ஒன்று), மையத்துக்கு 10 பிள்ளை அளக்கும்போது தேவை 1 + 9 × 0.15 = 2.35 மடங்காகிறது. பக்கத்துக்கு 940 பிள்ளைகள், 94 மையங்கள். சரி, மையத்துக்கு 20 பிள்ளை அளந்தால் மையம் பாதியாகக் குறையுமா? குறையாது. மடங்கு 3.85 ஆகி, பக்கத்துக்கு 1,540 பிள்ளைகளும் 77 மையங்களும் வேண்டியிருக்கும். 17 மையங்களை மிச்சம் பிடிக்க 600 பிள்ளைகளைக் கூடுதலாக அளக்கிறோம். வண்டிச் செலவு மிச்சம் என்று கருதி ‘நாலு ஊர், ஊருக்கு இருநூறு பேர்’ என்று எடுக்கப்படும் கணக்கெடுப்புகள் வீணாவது இதனால்தான். எண்ணூறு பேரைப் பார்த்தது போலத் தோன்றும். உண்மையில் நாலு ஊரைத்தான் பார்த்திருப்பார்கள்.

குலுக்கலை ஒன்றியம் ஒன்றியமாகச் செய்ய வேண்டும். பென்னாகரமும் அரூரும் ஒரே குலுக்கல் குடத்தில் விழுந்தால், தற்செயலாகப் பென்னாகரத்து மையங்கள் ஒரே பக்கம் குவிந்துவிடலாம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களுக்குத் தனிக் குடம். கணினியில் குலுக்குவது எளிது, ஆனால் ஊர் நம்பாது. ஒன்றிய அலுவலகத்தில் பணியாளர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் உட்காரவைத்து, சீட்டை ஒரே அளவில் மடித்துக் குடத்தில் போட்டு எடுத்தால் ‘எங்களுக்கு ஏன் இல்லை’ என்ற கேள்வி பாதி அடங்கும். ஏலச்சீட்டும் குலுக்குச்சீட்டும் பழகிய ஊர்களில் இதைப் புரியவைப்பது கடினமல்ல. முதல் சுற்றில் வராதவர்களுக்கு 18 மாதம் கழித்துத் திட்டம் வரும் என்பதை அன்றே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணம் இல்லாதபோது இதைவிட நியாயமான வரிசை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு சிக்கல் பலருக்கும் தெரியாமல் போகிறது. பணியிடம் காலியாக இருக்கும் ஊர்களில் ஒரே பணியாளர் இரண்டு மையங்களைக் ‘கூடுதல் பொறுப்பாக’ப் பார்ப்பார். அந்த இரண்டில் ஒன்று திட்டப் பக்கமும் இன்னொன்று மறுபக்கமும் விழுந்தால் ஒப்பீடு கெட்டது. குலுக்கலுக்கு முன்பே கூடுதல் பொறுப்புப் பட்டியலை வாங்கி, அப்படிப்பட்ட இரண்டையும் ஒரே சீட்டாக எழுதிவிட வேண்டும்.

அடுத்தது அளவீடு. பெரும்பாலான ஆய்வுகள் உயிரை விடுவது இங்கேதான். இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளையைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும், அதற்கு மேலே நிற்கவைத்து உயரம். ஒரே பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் 0.7 செ.மீ. வேறுபாடு வரும். செருப்பு, கொண்டை, ரிப்பன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். குதிகால் பலகையை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர், தலையைப் பிடிக்க ஒருவர். தனியாளாக அளக்கவே கூடாது. மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். முழு எண்ணாகவும் அரையாகவும் மட்டுமே முடியும் அளவுகள் ஒரு பதிவேட்டில் குவிந்திருந்தால், அங்கே பலகையைப் படிக்கவில்லை, கண்ணால் மதித்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

அதைவிடப் பெரிய பிழை வயதில் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 24 மாத ஆண் குழந்தையின் நடு உயரம் 87.1 செ.மீ.; 25 மாதத்தில் 88.0. அந்த வயதில் ஒரு திட்ட விலக்கம் என்பது மூன்று செ.மீ.க்குச் சற்று மேல். ஆக, பிறந்த தேதியில் ஒரு மாதம் பிசகினால் 0.3 திட்ட விலக்கம் பிசகும். நாம் தேடும் மாற்றமே 0.2 தான்! ‘ஆடி மாசம் பிறந்தான்’ என்ற பதிலோடு திருப்திப்படக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் அல்லது தாய்–சேய் நல அட்டையைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்து எழுத வேண்டும். பள்ளியில் சேர்க்க வசதியாக வயதை மாற்றிச் சொல்லும் வழக்கமும் உண்டு.

எதை அளப்பது என்பதும் காலத்தோடு சேர்ந்த கேள்வி. இந்த மண்ணின் நிலத்தடி நீரில் கலந்து பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு இதற்கு நல்ல பாடம். காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. 2016-இல் ஒருவர் வந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, கறை அப்படியே இருக்கிறது, திட்டம் தோல்வி என்று எழுதினால்? அந்தப் பிள்ளை பிறந்தது 2004. நிரந்தரப் பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அவர் பார்ப்பது பழைய ஆழ்துளைக் கிணற்றின் கையெழுத்து, காவிரியின் கையெழுத்து அல்ல. சில மாதங்களில் மாற்றம் தெரிய வேண்டுமானால் சிறுநீரில் ஃபுளோரைடைப் பார்க்க வேண்டும். பல்லைப் பார்க்க அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டும்.

தண்ணீரைச் சோதிக்கும் இடமும் முக்கியம். நீரேற்று நிலையத்தில் எடுத்த மாதிரி எப்போதும் நன்றாகவே இருக்கும். மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீர் போதாதபோது ஆழ்துளை நீரையும் கலந்து ஏற்றினால் என்ன ஆகும்? காவிரி நீரில் லிட்டருக்கு 0.3 மி.கி., ஆழ்துளை நீரில் 3 மி.கி. என்று வைத்துப் பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 வருகிறது, உச்ச வரம்பான 1.5-ஐத் தாண்டிவிட்டது. கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். ஆகவே கொட்டாயின் (ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் சிறு குடியிருப்பின்) கடைசிக் குழாயிலும், வீட்டில் சோறு பொங்க எடுத்துவைத்த குடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும்.

வருமானக் கேள்விக்கு வருவோம். 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் தொடங்கிவைக்கப்பட்டது இந்த மாவட்டத்துத் தொப்பூரில். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று அப்போது வரம்புகள். மாதாமாதம் வரும் அந்தத் தொகை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. டேப்லெட்டோடு வருபவர் எவ்வளவு நிலம் என்று கேட்டால், பதில் குறைந்துதான் வரும். இரு பக்கமும் ஒரே அளவு குறைத்துச் சொன்னால் ஒப்பீடு தப்பிக்கும். திட்டம் கிடைத்த பக்கம் அதைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் குறைத்துச் சொன்னால், நல்ல திட்டம்கூட நஷ்டக் கணக்காகத் தெரியும். ஆதார் எண்ணையும் குடும்ப அட்டை எண்ணையும் கேட்காமலே இருப்பது நல்லது. ‘மாத வருமானம் எவ்வளவு’ என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டுப் பயிர் பயிராக, வேலை வேலையாகக் கேட்க வேண்டும்: புளி எத்தனை கிலோ, ராகி எத்தனை மூட்டை, பால் சொசைட்டிக்கு ஒரு வேளைக்கு எத்தனை லிட்டர்.

பருவமும் ஏமாற்றும். கிருஷ்ணகிரிப் பக்கம் முதல் கணக்கெடுப்பை மாங்காய் அறுவடைக் காலத்தில், கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் போகும்போது எடுத்துவிட்டு, இரண்டாவதை மார்கழியில் எடுத்தால் ஊரே ஏழையாகிவிட்டது போலத் தெரியும். இரண்டையும் ஒரே மாதத்தில் எடுப்பதோடு, இரு பக்க ஊர்களையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் போக வேண்டும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. கேள்வித்தாளை அந்த மொழிகளிலும் எழுதிவைக்காமல், போகிறவர் அங்கேயே மொழிபெயர்த்துக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்வியைத்தான் கேட்பார்கள்.

இங்கே எந்த ஆய்வையும் ஆட்டிவைப்பது இடப்பெயர்ச்சி. கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பனியன் வேலைக்குத் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். பக்கத்துக்கு 940 பிள்ளைகளில் ஒரு பக்கம் 70 பேரும் மறுபக்கம் 170 பேரும் காணாமல் போனால், மிஞ்சியவர்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. போனவர்கள் யார் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். முதல் நாளே மூன்று எண்கள் வாங்க வேண்டும்: வீட்டு எண், ஊரிலேயே இருக்கும் பாட்டி தாத்தா எண், பக்கத்துக் கடை எண். நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் ஒரு முறை, பொழுது சாய்ந்து ஒரு முறை, பொங்கலுக்கோ மாரியம்மன் திருவிழாவுக்கோ ஊர் திரும்பும்போது ஒரு முறை. அப்படியும் கிடைக்காதவர்களில் குலுக்கலில் கால்வாசியை எடுத்து, பெங்களூர் வரை போய்த்தான் அளக்க வேண்டும். செலவுதான், வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு முதலிலேயே பணம் ஒதுக்காத ஆய்வைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

ஓரிடத்து முடிவை அப்படியே இன்னோரிடத்துக்குத் தூக்கிவரவும் கூடாது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியது தர்மபுரியில்தான். குழுக் கடனும் நுண்கடனும் (ஏழைகளுக்குத் தரும் சிறு கடன்) ஒன்றுதானே என்று தோன்றும். நுண்கடனை ஹைதராபாத்தில் 52 குடியிருப்புகளுக்குக் கொடுத்து, கொடுக்காத 52-ஓடு ஒப்பிட்டபோது, தொழில் முதலீடு ஓரளவு கூடியது. வீட்டுச் செலவு வசதியிலோ பிள்ளைகள் படிப்பிலோ பெண்களின் அதிகாரத்திலோ மாற்றம் தெரியவில்லை. கடன் மட்டும் வறுமையைத் தீர்க்காது என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் அது நிறுவனம் கொடுக்கும் வாராந்திரத் தவணைக் கடன். பெண்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, தீர்மானப் புத்தகம் எழுதும் குழுவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

அளக்கும்போது கைமேல் ஒரு கடமையும் வரும். மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருக்கும் பிள்ளையைக் கண்டால், எந்தப் பக்கத்து ஊர் என்று பார்க்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் முடிவு சற்று மங்கினால் மங்கட்டும்.

எல்லாம் முடிந்து அறிக்கை சென்னைக்குப் போகும். அதன் ஒரு படி ஊருக்கும் வர வேண்டும். ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் ஒரே ஒரு தாளை ஒட்டினால் போதும்: இங்கே அளந்த பிள்ளைகள் இத்தனை, திட்டம் வந்த ஊர்களில் நூற்றுக்கு இத்தனை பேர் குட்டையாக இருக்கிறார்கள், வராத ஊர்களில் இத்தனை பேர், ஒரு பிள்ளைக்கு ஆன செலவு இவ்வளவு. திட்ட விலக்கம் என்ற சொல்லே அதில் வேண்டாம். குடத்தில் இரண்டாவதாக வந்த ஊர்களுக்கு ஆள் எந்த மாதம் வருவார் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். தலைவர் கையெழுத்திட்ட தீர்மானமாகப் பதிவாகிவிட்டால், அடுத்த கிராம சபையில் அந்த மாதத்தைக் கேட்க ஊருக்கு ஒரு காகிதம் இருக்கும்.