ரெண்டு ஊருக்கும் வரி

இந்த முறை லீவை எங்கள் கோயில் திருவிழாவான ஆடிக் கொடைக்குத் தோதாகப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர். பையை இறக்கி வைத்து முகம்கூடக் கழுவவில்லை, கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிற வரி நோட்டும் கையுமாக மாமா வந்து நின்றார். "மாப்ளே, ரெண்டு வருசம் பாக்கி நிக்கி. வெளிநாட்டுக்காரன்னு கூட்டியெல்லாம் போடல, தலைக்கட்டு வரிதான்" என்றார். அங்கேயும் மாசாமாசம் வரி கட்டிவிட்டுத்தான் மாமா வருகிறேன் என்றதும், நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்பெயினில் வலென்சியா. ஸ்பெயின் என்றதும் நம் ஆட்கள் மாடு விரட்டுவதையும் தக்காளி எறிவதையும்தான் கேட்பார்கள். தக்காளி எறிகிற புன்யோல் எனக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான், ஆனால் ஒரு தடவைகூடப் போனதில்லை, போகிற எண்ணமும் இல்லை. வலென்சியாவுக்கென்று இருப்பது ஃபாயஸ் திருவிழா. மார்ச் 15 முதல் 19 வரை, அதாவது பங்குனி பிறந்த கையோடு, தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்குப் பொம்மைகளைக் கட்டி நிறுத்தி, 19ஆம் தேதி ராத்திரி அத்தனையையும் கொளுத்திவிடுவார்கள். அன்றைக்குச் சூசையப்பர் திருநாள். சூசையப்பர் தச்சர் இல்லையா, குளிர்காலமெல்லாம் பட்டறையில் விளக்கு மாட்டி வைத்திருந்த மரக்கட்டையை, வெயில் வந்ததும் தச்சர்கள் தெருவில் போட்டு எரித்ததுதான் ஆரம்பம் என்று அங்கே கதை சொல்வார்கள்.

முதல் வருஷம் எனக்குத் தலைவலிதான். காலையில் எட்டு மணிக்கெல்லாம் பேண்டு வாத்தியத்தோடு தெருவில் வந்து வெடியைத் தரையில் அடித்து எழுப்பிவிடுகிறார்கள். முந்தின நாள் ராத்திரி மூன்று மணி வரைக்கும் பாட்டு வேறு. கீழ்வீட்டுப் பாட்டியிடம் புலம்பியபோது, அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தெருமுனையில் இருந்த ஒரு ஹாலுக்குக் கூட்டிப்போனார். உள்ளே நீள நீளமாக மேஜை. ஒரு ஓரத்தில் சீட்டாட்டம், இன்னொரு ஓரத்தில் இரண்டு பேர் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு குரலை உயர்த்திச் சண்டை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம கொடைக் கமிட்டியேதான். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கமிட்டி, மாதச் சந்தா, வருஷம் பூராவும் கூட்டம், அடுத்த தெருக்காரனைவிட ஒரு சாண் கூடக் கட்டணும் என்கிற வீம்பு. மறு வருஷமே நானும் பேர் கொடுத்துவிட்டேன்.

மாமாவுக்குப் புரிய வைக்க ரொம்பப் பாடுபட்டது மஸ்கிளெத்தாவைத்தான். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு, நகராட்சி மன்றத்துக்கு எதிரே உள்ள மைதானத்தில் வெடி போடுவார்கள். "உச்சி வெயில்ல வெடி போட்டா என்னல தெரியும்?" என்றார் மாமா. தெரியாதுதான், அது கண்ணுக்கான வெடியே இல்லை. மன்றத்து மாடியில் நின்று, அந்த வருஷத் திருவிழாவுக்கு அரசியாகத் தேர்ந்தெடுத்த பட்டுப் பாவாடைப் பெண் "வெடிக்காரரே, ஆரம்பிக்கலாம்" என்று உத்தரவு கொடுத்ததும் முதலில் ஒன்றிரண்டு விட்டுவிட்டுக் கேட்கும். அப்புறம் நெருக்கம். நம்ம கொடையில் நடக்கிற கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிக்கிறவர் மெதுவாகத் தொடங்கி, சாமியாடியின் கண் சொருகச் சொருகக் கையை விரட்டிக்கொண்டே போவாரே, அந்தக் கணக்கு. கடைசியில் தரையிலிருந்து கிளம்புகிற சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறி நெஞ்செலும்பில் வந்து நிற்கும். காதடைக்காமல் இருக்க வாயைத் திறந்து வைத்துக்கொள் என்று பாட்டி சொல்லியிருந்தார், நானும் அவரும் ஆயிரக்கணக்கான பேரோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஐந்தாறு நிமிஷம்தான். முடிந்ததும் ஒரு விநாடி நிசப்தம், பிறகு மொத்தக் கூட்டமும் கத்துகிறது. "சிவகாசிச் சரக்கா?" என்று மாமா கேட்டார். இல்லை மாமா, அங்கேயே தலைமுறை தலைமுறையாக வெடி செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

17, 18 இரண்டு நாளும் பெண்கள் பட்டு உடுத்திப் பூச்செண்டோடு ஊர்வலமாகப் போய் மாதாவுக்குப் போடுவார்கள். பெரிய மரச்சட்டத்தில் ஆட்கள் தொற்றிக்கொண்டு நின்று, கீழிருந்து எறிகிற செண்டுகளைச் செருகிச் செருகி மாதாவின் போர்வையையே பூவால் நெய்துவிடுகிறார்கள். எங்கள் அம்மா வீடியோவில் இதைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, அந்தப் பட்டு என்ன விலை என்பது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் ஆச்சி கோபித்துக்கொள்வாள். தெருவிலேயே விறகு அடுக்கி, அகலமான தட்டுச் சட்டியில் பயேயா போடுவார்கள். கோழி, முயல், அவரை, அல்புஃபேரா ஏரிக்கரை அரிசி. அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் அடிதடி, அதற்குச் சொக்கராத் என்று தனிப் பேரே உண்டு. "காந்தலச் சுரண்டித் திங்கவா அவ்ளோ தூரம் போன?" என்றாள் ஆச்சி.

சரி, எரிப்பு. பொம்மைகளில் பாதி நையாண்டி. அரசியல்வாதி, வரி அதிகாரி, பந்து விளையாடுகிறவன் என்று அந்த வருஷம் யார் மாட்டினார்களோ அவர்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ஊர்ப் பெரிய மனுஷனைப் பேர் சொல்லாமல் வாரிவிடுவாரே, அந்த ருசி. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒரு பொம்மைக்கு மட்டும் மன்னிப்புக் கொடுத்து மியூசியத்தில் வைத்துவிடுவார்கள், 1934 முதல் அப்படி. மற்றதெல்லாம் தீக்குத்தான். தீயணைப்பு வண்டி எங்கள் தெருவுக்கு வர நடுராத்திரி தாண்டிவிட்டது. எதிர்வீட்டுச் சுவரையெல்லாம் நனைத்தபிறகுதான் சரத்தைப் பற்ற வைத்தார்கள். முன்பு மரமும் அட்டையும், இப்போது பெரும்பாலும் தெர்மாகோல், ஆகவே புகை கரேல் என்று வருகிறது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, கமிட்டிக் கூட்டத்தில் சொல்லியும் பார்த்தேன். காற்று திரும்பி, பார்த்துப் பார்த்து வாங்கிய என் ஜாக்கெட்டில் பொறி விழுந்து நாலு ஓட்டை. பாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. சண்டை போட்ட அந்தக் கணக்குக்காரர்கள் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"வருசம் பூரா துட்டச் சேத்து தீயிலயா போடுதானுவ, கிறுக்குப் பயலுவ" என்று அத்தை உள்ளேயிருந்து சொன்னாள். கார்த்திகைக்கு நாம சொக்கப்பனை கொளுத்தலையா என்று ஆச்சி எனக்காகப் பேசினாள். அம்மா மட்டும், "பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவப் பாக்க வரமாட்டான், அங்கன பொம்ம எரிக்க மட்டும் நேரம் இருக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2020இல் கொரோனாவால் அங்கே நின்றுபோய், அடுத்த வருஷம் செப்டம்பரில்தான் நடத்தினார்கள். நம்மூரிலும் அந்த வருஷம் கொடை இல்லை என்றார் மாமா. பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். "எல்லாத்தையும் எரிச்சிட்டா, மிச்சத் துட்டுக்குக் கணக்கு?" மிச்சம் ஏது மாமா, கடன்தான். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

அதற்குள் கணியான் செட்டு வேன் வந்துவிட்டது என்று யாரோ சத்தம் கொடுக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், வரியை வாங்காமலே. சாயங்காலம் ஞாபகம் வந்து திரும்பி வந்துவிட்டார்.