கம்பளத்தில் கொட்டிய பெயிண்டும் மார்க்கர் மையும்: நாங்கள் எடுத்த விதம்

கோலாலம்பூர், செந்தூலில், ஜாலான் ஈப்போவை ஒட்டிய கடைவீட்டு வரிசையில், முதல் மாடியில் எங்கள் டியூஷன் மையம் இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தபோது யாரோ பின்சன்னலை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். எதுவும் களவு போகவில்லை. ஆனால் அலமாரியில் இருந்த அத்தனையும் தரைக்கு வந்திருந்தது. சுவருக்கு அடித்து மிச்சம் வைத்த வெள்ளை எமல்ஷன், இரும்புக் கதவுக்கு வாங்கிய பச்சை கிளாஸ் பெயிண்ட் (பளபளப்பாகக் காயும் எண்ணெய்ப் பெயிண்ட்), பிள்ளைகளின் போஸ்டர் கலர், முத்திரை குத்தும் ஊதா மை எல்லாம் கம்பளத்தில். போதாததற்கு மார்க்கர் பேனாவால் எங்கு பார்த்தாலும் கிறுக்கல். இந்த ஊரில் கடனை வசூலிக்க மிரட்டும் வட்டி முதலைகள் ஆள் மாறி வீடு மாறிக்கூடச் சாயம் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அதனால் எங்கள் அனுபவம் யாருக்காவது உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்துதான் எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள். பாலர் வகுப்புச் சின்னஞ்சிறுசுகள் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவார்கள். கறை போனால் மட்டும் போதாது, கறையை எடுக்கப் போட்ட மருந்தும் அதில் மிச்சம் இருக்கக் கூடாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ததெல்லாம் இதை வைத்துத்தான்.

பார்த்தவுடன் கை துணியைத்தான் தேடும். ஆனால் முதலில் போட்டோ எடுக்க வேண்டும். ஒவ்வொரு மூலையையும் எடுத்தோம், காலி டின்களையும் விடவில்லை. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டோம். இப்படிச் சொத்தை நாசமாக்குவது குற்றவியல் சட்டத்தின் 427-வது பிரிவில் வருகிறது. காப்புறுதி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண தீக்காப்புறுதியில் இந்த மாதிரி வேண்டுமென்றே செய்த சேதம் தானாகச் சேர்ந்திருக்காது, கூடுதல் பாதுகாப்பாகத் தனியாக எடுத்திருக்க வேண்டும். பாலிசியை இன்றே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கம்பளம் சுத்தம் செய்யும் கம்பெனி ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றார். எங்கள் கையில் அவ்வளவு காசில்லை. அப்புறம்தான் என் தாய்மாமாவைக் கூப்பிட்டேன். ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலையிலேயே தலை நரைத்தவர். வந்ததும் எதையும் தொடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டி போட்டு ஒவ்வொரு கறையாகப் பார்த்தார். நான் ஈரத்துணியோடு குனிந்தபோது, "தேய்க்காதம்மா, ஒத்தி எடு. தேய்ச்சா நூல் பிரிஞ்சிரும், அப்புறம் கறை போனாலும் அந்த இடம் பஞ்சு மாதிரி தெரியும்" என்றார்.

கம்பளம் என்ன நூல் என்று தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு போனார். கதவோரத்தில் இரண்டு இழையை வெட்டி, வெளியே தாழ்வாரத்தில் வைத்துக் கொளுத்திப் பார்த்தார். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். எங்களுடையது உருகிக் கெட்டியான மணியாக நின்றது, ஆக செயற்கை நூல். வகுப்பறையில் இருப்பது 50 சென்டிமீட்டர் சதுரக் கம்பள டைல்கள், நைலான். வரவேற்பு இடத்தில் சுவருக்குச் சுவர் விரித்த ரோல். நைலான் உறுதியானதுதான், ஆனால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால்தான் பெயிண்டைவிட மை அதிகமாகத் தொல்லை கொடுக்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

வாங்கிய சாமான்கள் அதிகமில்லை. பார்மசியில் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஹார்டுவேர் கடையில் டர்பெண்டைனும் நைட்ரைல் கையுறையும். நிறமில்லாத பாத்திரம் கழுவும் சோப்பு, வெள்ளை வினிகர், வெள்ளைத் துணி ஒரு மூட்டை. துணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கலர் துணியின் சாயம் கம்பளத்தில் இறங்கிவிடும், கறை ஏறி வருகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள குழைமம் நூலில் பிசுபிசுவென்று தங்கிவிடும். கடைத் தவுக்கே (முதலாளி) தின்னரும் எடுத்துப் போகச் சொன்னார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். தின்னர் கறையைக் கரைக்கும், கூடவே நூலை அடித்துணியோடு ஒட்டியிருக்கும் பசையையும் கரைக்கும். டைல் கையோடு பிரிந்து வரும்.

எந்த மருந்தானாலும் முதலில் அலமாரிக்கு அடியில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்து, துணியில் கம்பளத்தின் சொந்த நிறம் ஏறுகிறதா என்று பார்த்தோம். சாமி படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் விளக்கை அணைத்து வைத்தோம். டர்பெண்டைன், ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும், தரையோடு படியும். சன்னல் எல்லாம் திறந்திருந்தன. வேலை நடந்த நாட்களில் பிள்ளைகள் யாரும் மேலே வரவில்லை.

போஸ்டர் கலர் சுலபம். காய்ந்ததைச் சுரண்டி, தூளை வேக்குவமில் இழுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் ஒற்றினோம். இரண்டு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி சோப்பு போதும். நுரை அதிகமானால் கழுவி முடியாது, நூலில் தங்கிய சோப்பு தூசியை இழுத்து, சில வாரத்தில் அதே இடம் கறுத்துப்போகும்.

வெள்ளை எமல்ஷன் மெல்லியதாகத் தெறித்த இடங்களில் நன்றாகக் காய்ந்திருந்தது. காய்ந்த எமல்ஷன் தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலுக்கு இளகும். பெயிண்ட் எந்த வகை என்று தெரியாதவர்களுக்கும் இதுவே சோதனை: ஆல்கஹாலில் நனைத்த துணியால் தொட்டுப் பாருங்கள், இளகித் துணியில் ஏறினால் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட், அசையவே இல்லை என்றால் எண்ணெய் வகை. நனைத்த துணியைக் கறைமேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, இளகியதும் கரண்டியின் பின்புறத்தால் நூலின் போக்கிலேயே வழித்தோம். ஒரே தடவையில் வராது. கொஞ்சம் வரும், துணி மாற்ற வேண்டும், மறுபடி கொஞ்சம் வரும்.

பச்சை கிளாஸ் பெயிண்டுதான் எங்களை உண்மையிலேயே சோதித்தது. வரவேற்பு இடத்தில் டின்னோடு கவிழ்த்திருந்தார்கள். மேலே பாலாடை போல ஒரு தோல் கட்டியிருந்தது. மாமா அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள இன்னும் ஈரந்தான், நமக்கு நேரம் இருக்கு" என்றார். டோல் கட்டும் பழைய டச் அண்ட் கோ பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தோலைச் சுருட்டி எடுத்தார். அடியில் பெயிண்ட் பளபளவென்று பச்சையாகக் கிடந்தது. அதையும் அள்ளி அள்ளிக் குப்பைப் பையில் போட்டோம். எப்போதும் வெளியிலிருந்து உள்ளேதான் வர வேண்டும், உள்ளிருந்து வெளியே போனால் கறை பெரிதாகும். அள்ள முடிந்ததெல்லாம் அள்ளிய பிறகே டர்பெண்டைன். அதைக் கம்பளத்தில் ஊற்றக் கூடாது, துணியில் நனைத்து ஒற்ற வேண்டும். ஊற்றினால் கரைந்த பெயிண்ட் அடிவரை இறங்கி, பசையோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். பச்சை ஏறுவது நின்ற பிறகு சோப்புத் தண்ணீரால் ஒற்றி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தோம். முழுக்கக் காய்ந்து இறுகிப்போன சிறு சொட்டுகளை டர்பெண்டைன் ஒன்றும் செய்யவில்லை. அவற்றைச் சின்னக் கத்தரிக்கோலால் நூலின் நுனியோடு வெட்டினோம். பெயிண்ட் ரிமூவர் போட்டு அடித்துணியைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் பின்மாடிப்படியில் விரித்துக் காயவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்பினோம். எண்ணெய்ப் பெயிண்ட் தோய்ந்த துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

மார்க்கரில் இரண்டு வகை இருந்தது. பிள்ளைகள் படம் வரையும் கலர் பேனா சோப்புத் தண்ணீருக்கே போய்விட்டது. அழியாத மார்க்கருக்கும் வெள்ளைப் பலகை மார்க்கருக்கும் ஆல்கஹால். வெள்ளைப் பலகை மார்க்கர்தானே, துடைத்தால் போய்விடும் என்று நினைப்பார்கள். வழவழப்பான பலகையில்தான் அது அப்படி, நூலுக்குள் போனால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். கறுப்புக் கோட்டின்மேல் நனைத்த துணியை வைத்து அழுத்தியதும் மை துணியில் ஏறுவது தெரிந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் நீலம், அதற்கு வெளியே ஊதா வளையம். கறுப்பு என்று நாம் பார்ப்பது பல சாயங்களின் கலவை, ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் கரைந்து ஓடுகிறது. அந்த வளையம் கம்பளத்தில் விழாமல் துணியில் விழ வேண்டும். அதற்காகத் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். ஒரு சாண் நீளக் கோட்டுக்கு எவ்வளவு துணி போகும் என்று செய்து பார்த்தால்தான் புரியும். வேலை முழுவதிலும் பொறுமை அதிகம் தேவைப்பட்டது இதற்குத்தான்.

முத்திரை மையில் ஆல்கஹாலை முதலில் வைக்க வேண்டாம் என்றார் மாமா. அது தண்ணீரிலேயே கரையும் வகை, ஆல்கஹால் பட்டால் பரவ வாய்ப்பு உண்டு. குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் வைத்து ஒற்றி ஒற்றி முக்கால்வாசி எடுத்தோம். மிச்சம் இருந்த ஊதா நிழலுக்கு, மறைவிடத்தில் சோதித்த பிறகு, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை லேசாகத் தொட்டு வைத்தோம். பெரும்பாலான டைல்களில் மங்கியது, சிலவற்றில் அசையவில்லை. உதவிக்கு வந்த ஒரு தாயார் குளோராக்ஸ் (துணி வெளுக்கும் ப்ளீச்) ஊற்றிவிடலாமா டீச்சர் என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். நைலான் கம்பளத்தின் சொந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். அதைவிட முக்கியம், வினிகரோ ஆல்கஹாலோ போட்ட இடத்தில் குளோராக்ஸ் பட்டால் நச்சு வாயு கிளம்பும்.

எல்லாம் முடிந்த இடங்களை ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றி, ஈரத்தை உறிஞ்சும் வேக்குவமில் இழுத்தோம். போய்விட்டது என்று நினைத்த கறை மறுநாள் மேலே வந்து நிற்பது கம்பளத்தில் சாதாரணம். காயும்போது அடியில் இருக்கும் மை ஈரத்தோடு நூல் வழியாக நுனிக்கு ஏறுகிறது. அதற்கு மாமா சொன்ன வழி, இரவில் அந்த இடத்தில் வெள்ளை டிஷ்யூவை அடுக்கி மேலே கனமான புத்தகங்களை வைப்பது. காலையில் எடுத்துப் பார்த்தால் ஏறி வந்த மை டிஷ்யூவில் இருந்தது. புத்தகத்துக்கும் டிஷ்யூவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைக்க மறக்காதீர்கள்.

சாயங்காலம் ஆனால் மழை கொட்டும் மாதம், காற்றே ஈரம். இரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை வாடை வந்துவிடும். டைல்களைப் பிரித்தெடுத்துச் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, ஏர்கானை ஈரம் நீக்கும் நிலையில் ஓட விட்டோம். டைல் போட்டிருந்ததன் அருமை அப்போது தெரிந்தது.

தேறாத டைல்களை அலமாரிக்கு அடியிலிருந்த நல்ல டைல்களோடு மாற்றிப் போட்டோம். பின்பக்கம் அச்சடித்திருக்கும் அம்புக்குறியைப் பழைய டைல்களோடு ஒத்துப் போகும்படி வைத்தால்தான் நிறம் ஒன்றுபோலத் தெரியும். வரவேற்பு இடத்து ரோலில் பச்சை ஆழமாக இறங்கியிருந்த ஒரு பகுதியைச் சதுரமாக வெட்டி, ஸ்டோர் அறைக்குள் இருந்த அதே கம்பளத்திலிருந்து துண்டெடுத்து ஒட்டினோம். வகுப்பு திறப்பதற்கு முன்னால் அறையை ஓர் இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் உள்ளே போய், பிள்ளைகள் படுக்கும் உயரத்துக்குக் குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு மூலையில் டர்பெண்டைன் வாடை இன்னும் இருந்தது. அந்த மூலையை மறுபடி சோப்புத் தண்ணீரால் ஒற்றிக் காயவைத்து, வாடை முழுக்கப் போன பிறகே பிள்ளைகளை உட்காரவிட்டேன்.

புதிதாகக் கம்பளம் போடுகிறவர்கள் டைலாகவே போடுங்கள், அதே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதில்) ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள். தொகுதி எண் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். பிறகு தேடினால் அதே மாடல் கிடைக்கலாம், அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.