ஹென்றி கவ்வும் எங்கள் 18 வருட வாதமும்

2006ஆம் ஆண்டு வேளச்சேரியில் நானும் நண்பனும் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஹென்றி கவ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'அன்ரெஸ்ட்' ஆல்பத்தை முதன்முறையாகக் கேட்டோம். கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் 'ரெட்' ஆல்பம் எனக்கு மிகவும் பிடிக்கும் என்று அறிந்திருந்த அலுவலக நண்பர் ஒருவர், "இதுவும் அதே 1974தான், ஆனால் பொறுமையாகக் கேட்க வேண்டும்" என்று சொல்லி ஒரு சிடியில் பதிந்து கொடுத்திருந்தார். என் அறைத்தோழன் சிறுவயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவன். எதைக் கேட்டாலும் தொடையில் தாளம் போட்டு அடிகளை எண்ணிப் பார்ப்பது அவன் வழக்கம். 'ரூயின்ஸ்' என்ற 12 நிமிட உருப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மூன்று முறை எண்ணத் தொடங்கினான், மூன்று முறையும் தவறவிட்டான், கடைசியில் கையைத் தொடையிலிருந்து எடுத்துவிட்டான். "கணக்கு இருக்குடா, நல்லாத் தெரியுது. பாட்டு எங்கடா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு நான் சொன்ன பதில்கள் எதையும் அவன் முழுதாக ஏற்றுக்கொண்டதில்லை. இருவரும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்ட பின்னும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அந்த வாதம் தொலைபேசியில் மறுபடி தொடங்கிவிடுகிறது.

ஹென்றி கவ் 1968இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ஃபிரித், டிம் ஹாட்ஜ்கின்சன் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய குழு. பேஸ் கிதாருக்கு ஜான் கிரீவ்ஸும் டிரம்ஸுக்கு கிறிஸ் கட்லரும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். 1973இல் விர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதே ஆண்டில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். மேடை நிறைய விளக்குகளும் கோட்டைபோல அடுக்கிய கீபோர்டுகளுமாகப் புரோக்ரெசிவ் ராக் என்ற நீண்ட, சிக்கலான ராக் இசை பெரும் வணிகமாக இருந்த காலம் அது. ஹென்றி கவ்வின் அட்டையிலோ கம்பளியில் பின்னியதுபோன்ற ஒரு காலுறை மட்டுமே இருந்தது. அடுத்த இரண்டு ஆல்பங்களிலும் அதே காலுறை வேறு நிறங்களில் வந்தது. எனக்கு இந்த அடக்கம் முதலிலேயே பிடித்துப்போனது. இசைக்குள் இருப்பதை அட்டையில் விளம்பரப்படுத்தாத குழு, கேட்பவர் தானே உள்ளே வந்து பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறது.

நண்பனின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்பதைச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 'ரூயின்ஸ்' உருப்படியின் அமைப்பை ஃபிரித் பிபனாச்சி எண்வரிசையை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்: ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று முந்தைய இரண்டைக் கூட்டி வளரும் வரிசை. இதைச் சொன்னதும் நண்பனுக்கு வெற்றிக் களிப்பு. பல்லவி பாடும்போது வித்வான் கணக்கிலேயே மூழ்கி ராகத்தைக் கோட்டைவிட்டால் சபையில் பெரியவர்கள் முணுமுணுப்பார்களே, அதையேதான் அவனும் சொன்னான். ஆனால் எனக்கு அந்தச் செய்தி நேர்மாறாக வேலை செய்தது. எண்ணிப் பிடிக்க முயல்வதை நான் நிறுத்திவிட்டேன். கணக்கு என்பது கட்டுபவருக்கு உதவும் சாரக்கட்டு, வீடு எழுந்த பின் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை என்று தோன்றியது. அதன்பிறகு கேட்டபோது, வயலினும் பசூன் என்ற மரக்குழல் வாத்தியமும் சைலோஃபோனும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நடக்கும் பகுதியில், ஆள் இல்லாத ஒரு கட்டடத்துக்குள் பகல் வெளிச்சத்தில் நடந்துபோவதுபோன்ற ஓர் அமைதி இருந்தது. முதல் முறை கேட்டபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

1978ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வாதத்தைச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு மார்ச் 12ஆம் தேதி லண்டனின் நியூ லண்டன் தியேட்டரில் ஐந்து குழுக்கள் ஒரே மேடையில் வாசித்தன: இங்கிலாந்தின் ஹென்றி கவ், இத்தாலியின் ஸ்டோர்மி சிக்ஸ், ஸ்வீடனின் சாம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவர் ஸீரோ, பிரான்சின் எத்ரோன் ஃபூ லெலுப்லான். 'ராக் இன் ஆப்போசிஷன்', அதாவது எதிர்ப்பில் நிற்கும் ராக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் நீங்கள் கேட்கக் கூடாதென்று நினைக்கும் இசை என்பது அவர்களின் முழக்கம். டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் கூடி, யாரைச் சேர்த்துக்கொள்வது என்று பேசி, ஆர்ட் பேர்ஸ், ஆர்ட் சொய்ட், அக்சாக் மபூல் என்ற மூன்று குழுக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அமைப்பாக அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் கட்லர் தொடங்கிய ரெகமண்டட் ரெக்கார்ட்ஸ், இந்த வகை இசைத்தட்டுகளைப் பல நாடுகளுக்கும் தபாலில் கொண்டுசேர்த்தது. நாங்கள் கேட்ட ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் அந்த வேலையின் பலன் என்றே நினைக்கிறேன்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். இன்று அந்தப் பெயரைச் சுருக்கிய 'ஆர்.ஐ.ஓ.' என்ற மூன்று எழுத்தை ஓர் இசை வகையின் பெயராக எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், இது ஆர்.ஐ.ஓ. மாதிரி இருக்கிறது, இது அவ்வளவாக இல்லை என்கிறார்கள். அந்த ஐந்து குழுக்களையும் அடுத்தடுத்துக் கேட்டவர் அப்படிச் சொல்ல முடியாது. சாம்லாவின் இசை ஸ்வீடனின் நாட்டுப்புற மெட்டுகளோடு குதித்து விளையாடுவது. ஸ்டோர்மி சிக்ஸ் பாசிசத்தை எதிர்த்துப் போராடிய இத்தாலியர்களைப் பற்றி 1975இல் ஒரு முழு ஆல்பம் பாடியவர்கள், அவர்களின் அடிப்படை தெளிவான பாட்டு. இவர்களுக்கிடையே பொதுவாக இருந்தது ஒலி அன்று, நிறுவனங்களின் தயவில்லாமல் நிற்பது என்ற முடிவு. அந்த முடிவின் பெயரை ஒரு ஒலிச்சாயலின் பெயராகச் சுருக்கிவிட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இதில் மட்டும் நண்பனும் என் பக்கம்.

யூனிவர் ஸீரோவை அவனுக்கு அறிமுகப்படுத்தியபோது நடந்தது வேறு. டிரம்ஸ் வாசிக்கும் டேனியல் டெனி 1974இல் தொடங்கிய இந்தக் குழுவின் 'ஹெரெசி' 1979இல் வந்தது. அதன் முதல் உருப்படி ஏறத்தாழ 25 நிமிடம். அதில் பசூனும் வயலினும் கிதாரும் டிரம்ஸும் இருக்கின்றன, அவற்றோடு ஹார்மோனியமும் இருக்கிறது. நம் ஊரில் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் கேட்டுப் பழகிய வாத்தியம். ஐரோப்பாவிலிருந்துதான் நம்மிடம் வந்தது, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தன் நிலையங்களில் அனுமதிக்காமல் வைத்திருந்தது என்பதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் பாட்டுக்குத் துணையாக மட்டுமே அதைக் கேட்டிருந்த எங்களுக்கு, அது துணைக்கு யாருமில்லாமல் இருட்டில் மூச்சுவிடுவதுபோல ஒலித்ததைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. நண்பன் அன்று தாளம் போடவே முயலவில்லை. முடிந்த பிறகு, "இதுல பாட்டு இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றான். அவனிடமிருந்து நான் பெற்ற மிகப் பெரிய விட்டுக்கொடுத்தல் அதுதான். மறுநாளே, அது பயம் கொடுத்ததால் சொன்னது என்று திருத்திக்கொண்டான்.

எங்கள் உண்மையான பிளவு, ஹென்றி கவ்வுக்குள்ளேயே ஏற்பட்ட பிளவுதான். 1978 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் கிர்ஷ்பெர்க் என்ற ஊரிலிருந்த சன்ரைஸ் ஸ்டூடியோவில் குழு அடுத்த ஆல்பத்தைப் பதிவுசெய்தது. வந்து விழுந்தவற்றில் பெரும்பகுதி பாடல்கள். ஹாட்ஜ்கின்சனும் குழுவில் பசூன் வாசித்த லிண்ட்சே கூப்பரும் இது ஹென்றி கவ்வின் ஆல்பமாக இருக்க முடியாது என்றார்கள். பாடல்களை ஃபிரித், கட்லர், பாடகி டாக்மர் கிரவுசே ஆகிய மூவரும் எடுத்துக்கொண்டு, மேலும் சிலவற்றைச் சேர்த்து, ஆர்ட் பேர்ஸ் என்ற பெயரில் 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்' ஆக வெளியிட்டார்கள். குழுவைக் கலைத்துவிடுவது என்று முடிவான பின்னும், அதே ஸ்டூடியோவுக்கு அந்தக் கோடையில் திரும்பிச் சென்று, குரலே இல்லாத 'வெஸ்டர்ன் கல்ச்சர்' ஆல்பத்தை முடித்துத் தங்கள் சொந்த லேபிளிலேயே 1979இல் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் முழுதும் ஹாட்ஜ்கின்சன் எழுதியது, மறுபக்கத்தின் பெரும்பகுதி கூப்பர் எழுதியது. பிரிவது உறுதியான பிறகும் சண்டையிட்ட இரண்டு தரப்பும் ஒருவர் இசையை மற்றவர் வாசித்து முடித்துக்கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

நண்பன் 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்' கட்சி. அது ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எழுதி இசையமைப்பாளர் ஐஸ்லர் மெட்டமைத்த ஒரு பாடலோடு தொடங்குகிறது. எதிர்ப்பு என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் எதை எதிர்க்கிறார்கள் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சொல் இல்லாத அரசியல் வாசிப்பவருக்கு மட்டுமே தெரிந்த அரசியல் என்பது அவன் வாதம். இது எளிதாகத் தள்ளக்கூடிய வாதமன்று. டாக்மர் கிரவுசேயின் குரல் சில வரிகளைக் கத்தி வைத்துக் கீறுவதுபோலப் பாடும்போது நான் வாயடைத்துப்போவதும் உண்டு.

ஆனாலும் என் தரப்புக்கு வலுவான சாட்சி இத்தாலி. 1975இல் ரோமின் பியாட்சா நவோனா சதுக்கத்தில் ஹென்றி கவ் திறந்தவெளியில் இலவசமாக வாசித்தது. அதன்பிறகு அந்நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சி ஊர் ஊராக நடத்திய திருவிழாக்களில் பலமுறை வாசித்தார்கள். குடும்பத்தோடு வந்து, சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் கேட்ட இசை அது. கடினமான இசையைச் சாதாரண மக்கள் கேட்க மாட்டார்கள் என்று முடிவுசெய்தவர்கள் நிறுவனத்தினர்தான், கேட்டவர்கள் அல்ல. சொல்லை எடுத்துவிட்டால் மக்களிடமிருந்து விலகிவிடுவோம் என்ற அச்சம், மக்களைக் குறைத்து மதிப்பிடுவதிலிருந்து பிறக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவன், திருவிழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்றான். நியாயமான கேள்வி.

ஆதாரம் கேட்டால் நான் காட்டுவது 'வெஸ்டர்ன் கல்ச்சர்' இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படியான 'ஃபாலிங் அவே'. லிண்ட்சே கூப்பர் செவ்வியல் முறையில் பசூன் பயின்றவர், 1974இல் குழுவில் சேர்ந்தவர். பசூன் என்பது நான்கு அடிக்கும் சற்று அதிக உயரமுள்ள மரக்குழாய். ஆர்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் பின்வரிசையில் அடிச்சுரம் பிடிக்கும் வேலை அதற்கு. நாதஸ்வரத்தைப் போலவே இரட்டைச் சீவாளியில் ஊதுவது. ஆனால் நாதஸ்வரத்தின் வீரியம் அதற்கில்லை, தொண்டை அடைத்தவர் பேசுவதுபோன்ற குரல். அந்தக் குரலை மின்கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில், ஒதுங்கிப் போகாமல், அவற்றின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடத்திச் செல்கிறார் கூப்பர். அவர் 1977இலேயே பெண்கள் மட்டும் சேர்ந்து வாசித்த ஓர் இம்ப்ரோவிசேஷன் (முன்கூட்டி எழுதாமல் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும்) குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்வரிசை வாத்தியம் முன்னே வந்து நிற்பதைக் கேட்கும்போது, அதற்குச் சொல் தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். பின்னாளில் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய் அவரை வாசிக்க முடியாமல் செய்துவிட்டது. 2013இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று நான் நண்பனை அழைத்தேன். அன்று இருவரும் வாதிடவில்லை.

இத்தனையும் எழுதிய பிறகு ஒன்றை மறைப்பது சரியாகாது. 2006இல் கேட்ட அதே 'அன்ரெஸ்ட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் குழு ஸ்டூடியோவிலேயே உருவாக்கியது. கையில் போதிய உருப்படிகள் இல்லாததால், வாசித்துப் பதிந்த நாடாவை வெட்டி, சுற்றவிட்டு, வேகத்தை மாற்றி, அதன்மேல் மறுபடி வாசித்துச் செய்தது. கலங்கிய வெள்ளம்போல ஒலிகள் திரண்டு வரும் அதன் கடைசி உருப்படி 'டெலூஜ்'. அது முடியும் இடத்தில் எல்லாம் வடிந்துபோய், பியானோ ஒன்று மட்டும் மிஞ்சி, ஜான் கிரீவ்ஸ் மிக மெல்லிய குரலில் சில வரிகள் பாடுவார். அந்த ஆல்பத்தில் நான் மிக அதிக முறை திரும்பக் கேட்டது அந்தச் சில வரிகளைத்தான். 18 வருடமாக இதை நண்பனிடம் சொன்னதில்லை. இதைப் படித்ததும் இன்றிரவே அழைப்பான்.