பழைய ஜெட் படகு இயந்திரம்: பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

மார்ச் 4

வால்வு மூடியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி உதிரிபாகம் வாங்கக் கூடாது. பல கை மாறிய படகில் அந்த மூடியே வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம். 1970களின் பெரிய ஜெட் படகுகளில் (புரொப்பெல்லர் இல்லாமல், பம்பால் நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சி ஓடுபவை) பெரும்பாலும் ஃபோர்டு 460, செவ்ரோலே 454, ஓல்ட்ஸ்மொபைல் 455 ஆகிய கார் இயந்திரங்களில் ஒன்றே பொருத்தப்பட்டிருக்கும். இவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பாகம்) முன்புறம் இருப்பது ஃபோர்டில். மற்ற இரண்டிலும் அது பின்புறம். இந்தப் படகில் அது பின்புறம் இருக்க, எண்ணெய் ஊற்றும் குழாய் முன்புறம் நிமிர்ந்து நின்றதால் ஓல்ட்ஸ்மொபைலாக இருக்கலாம் என்று தோன்றியது. குழாயின் அடியில், இயந்திரத்தின் உடலான பிளாக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது 396021 என்ற வார்ப்பு எண்ணும் எஃப் என்ற எழுத்தும் தெரிந்தன. ஐயமில்லை, இது 455தான்.

மார்ச் 5

செவ்ரோலேவுக்கும் இதற்கும் சிலிண்டர்களின் பற்றவைப்பு வரிசை ஒன்றே: 1-8-4-3-6-5-7-2. ஆனால் செவ்ரோலேயில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுழலும், இதில் எதிர்ச் சுற்றில் சுழலும். இயந்திரம் எதுவென்று தெரியாமல் வயர்களை மாட்டியவர்கள் கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது என்று நாள்கணக்கில் தவிப்பதுண்டு. இதில் வயர்கள் சரியாகவே இருந்தன.

மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் மட்டும் காருக்குரியது, அதைக் கழற்றிவிட்டேன். படகின் அடித்தளத்தில் பெட்ரோல் ஆவி வெளியேற வழியின்றித் தங்கும் என்பதால், தீப்பொறி வெளிவராதபடி மூடப்பட்ட படகுப் பாகமே அங்கு இருக்க வேண்டும். விலையை எண்ணி இதில் விட்டுக்கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

மார்ச் 9

நீரில் ஓட்டிப் பார்த்தோம். முழு விசையில் நிமிடத்திற்கு 4,000 சுற்றுகளே வந்தன. முந்தைய உரிமையாளரின் குறிப்பேட்டில் 4,400 என்று இருக்கிறது. வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் ஜெட் பம்பில் அது சிறிதன்று. பம்பு இழுக்கும் ஆற்றல் சுற்றுவேகத்தின் முப்படியாக மாறுவதால், வேகம் 9 விழுக்காடு குறைந்தால் ஆற்றல் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்துவிட்டது என்று பொருள். மேலும், புரொப்பெல்லர் படகில் மாறுவதைப் போல் ஏற்றிய பாரத்தைப் பொறுத்து இந்தச் சுற்றுவேகம் இங்கு பெரிதாக மாறாது; ஆகவே ஜெட் படகில் சுற்றுவேகம் காட்டும் டேக்கோமீட்டரே முதல் மருத்துவர்.

உறிஞ்சுவாயின் கம்பிகளில் களை அடைத்திருந்தாலோ தண்டைச் சுற்றிய அடைப்பான பேக்கிங் வழியே காற்று புகுந்தாலோ பம்பின் சுமை குறைந்து சுற்றுவேகம் உயரும், படகு மட்டும் மந்தமாக நகரும். இங்கு சுற்றுவேகமே தாழ்ந்திருக்கிறது. எனவே பம்பைப் பிரிக்கும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன்.

மார்ச் 10

எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (அழுத்தத்தையும்) அளந்தேன். மற்றவை 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்திற்கு பவுண்டு) அளவில் நிற்க, 3, 5 ஆம் சிலிண்டர்கள் இரண்டும் 90க்கு மேல் ஏறவில்லை. ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தும் மாற்றமில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு உயர்ந்திருக்கும்; ஆகவே ரிங் தேய்மானம் காரணமன்று. ஒற்றைப்படை எண் சிலிண்டர்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக இருப்பதால் 3, 5 அடுத்தடுத்தவை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால், அவற்றுக்கு இடையே ஹெட் காஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு) எரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் நிறமாகவில்லை. நீர் அதில் கலக்கவில்லை என்பது பெரிய ஆறுதல்.

மார்ச் 11

ஹெட்டைத் தூக்கியதும் எரிந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வகை ஹெட்டில் 3, 5இன் புகைவாய்கள் அருகருகே அமைந்திருப்பதால் வெப்பம் நடுவில் குவியும். ஆனால் அதை மட்டுமே குறை சொல்வது நியாயமாகாது. அந்தப் பக்கத்துப் பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றியபோது ஒரு சொட்டு நீரும் வரவில்லை. கம்பியால் குத்திக் கிளறிய பிறகு சேறும் மணலுமாகக் கொட்டியது. குளிர்விக்கும் நீரை பம்பே நேரடியாக அனுப்பும் அமைப்பில், ஆழமற்ற இடங்களில் உறிஞ்சப்படும் மணல் பிளாக்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் படியும். காஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் அது மறுபடியும் எரிந்திருக்கும்.

மார்ச் 20

பிளாக்கின் இரு புறமும் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, ஹெட்டின் சமதளத்தைச் சரிபார்த்து, புதிய காஸ்கெட்டுகளுடன் பூட்டினோம். இன்றைய ஓட்டத்தில் முழு விசையில் 4,350 வந்தது. நீர் வரும் வழியில் மணல் வடிகட்டி பொருத்தும் வேலை இன்னும் இருக்கிறது. அதை முடிக்கும்வரை ஆழமற்ற நீரில் இந்தப் படகை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.