உப்புத் தண்ணீரில் எரியும் விளக்கு

முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குப் போகையில், பரந்தன் சந்தியில் பஸ் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பியதும் சின்னம்மா யன்னலோரம் மாறி இருந்துகொண்டா. தருமபுரம் வந்தது. "இதில மூண்டு கிழமை." விசுவமடு வந்தது. "இதில தறப்பாள் கட்டவே நேரம் கிடைக்கேல்லை." உடையார்கட்டில் வாய் திறக்கவில்லை. கடைசி யுத்தத்தில், 2009 ஜனவரியில், முதலாவது பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது அந்தப் பக்கத்தைத்தான். அதை நம்பிப் போன சனத்தின் மேல்தான் ஷெல் விழுந்தது. இந்த வீதியில் ஊர்கள் வருகிற வரிசையும் சனம் இடம்பெயர்ந்த வரிசையும் ஒன்றுதான். அன்று மாதக்கணக்காய்ப் போன தூரம், பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தேன். இந்த ஊர்ப் பெயர்களை வானொலியில் கேட்டவள். அதனால் சின்னம்மா சொல்லும்போது "ஓம்" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வராது.

யுத்தம் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் இறங்கியதும் சிரட்டையில் கஞ்சி தந்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். கடைசி நாட்களில் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இதுதான். இதைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக 2024 மே மாதம் சம்பூரில் பெண்களைக் கைது செய்தார்கள். உப்புப் போட்ட கஞ்சிக்கு இவ்வளவு பயம் ஏன் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். சின்னம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்றா. "அப்ப இவ்வளவு உப்பும் இல்லை."

பத்தரை மணிக்கு மணி ஒலித்தது. சுடர் ஏற்றினோம். கொல்லப்பட்டவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. அதே வருடம் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசாங்கத்தின் சொந்தக் குடிசனக் கணக்கையே எடுத்து வைத்து, கணக்கில் வராமல் போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பதில் வராமலே 2021இல் அவரும் போய்விட்டார். சின்னம்மா ஏற்றியது ஒரு விளக்கு. மாத்தளனில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மகளுக்கு. அப்போது பிள்ளைக்கு எட்டு வயது. பனையடி ஒன்றை அடையாளம் வைத்திருந்தாவாம், திரும்பி வந்தபோது அந்தப் பனை இல்லை.

சித்தப்பாவுக்கு விளக்கு ஏற்றவில்லை. அவர் வட்டுவாகல் பாலத்தடியில் பெயர் பதிந்து, இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் வரிசையில் போனவர். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்து முடிப்போம் என்று மாமா ஒருமுறை சொல்லப்போய், அந்த வருடம் முழுக்கச் சின்னம்மா அவருடன் கதைக்கவில்லை. குங்குமப் பொட்டையும் எடுக்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் போய் இருந்தா. பிள்ளைக்குத் திதி கொடுக்கலாம், நாள் தெரியும். இவருக்கு எந்த நாள்?

இந்த முறை நினைவு நாளுக்கு இரண்டு நாள் கழித்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல். முள்ளியவளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். ஊரெல்லாம் வேப்பிலை வாசம். காட்டா விநாயகர் கோவிலில் அம்மனின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்து வந்த கடல் தண்ணீரில் எரிகிற விளக்கு. ஒரு கிழமை இங்கே எரிந்து, திங்கட்கிழமை அம்மனிடம் போகும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதுரையை எரித்த கோபம் ஆறாமல் வந்த கண்ணகி, நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களுக்கு முன்னால் கிழவியாக வந்து நின்றாள். பொடியள் குழை போட்டுக் கொட்டில் கட்டிக் கொடுத்துப் பொங்கலும் பொங்கினார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது, கடல் தண்ணீரை விட்டு எரியுங்கள் என்றாளாம். தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்று கேட்டதும் பார்த்தார்கள். முடியை விலக்கிய இடமெல்லாம் கண்கள்.

சின்ன வயதில் இந்த இடத்தில் எனக்குப் பயம் வரும். இந்த முறை, அதே நந்திக்கடலை வீதியில் நின்று பார்த்தபோது, அந்தத் தலையைத்தான் நினைத்துக்கொண்டேன். அக்கரையில்தான் முள்ளிவாய்க்கால். அவ்வளவு கண்களும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன என்று அம்மனிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. கோபம்தான். புருசனைக் கொன்றவனிடம் நியாயம் கேட்டுப் போனவளிடம் கோபித்தால் தவறில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள் பின்னேரம் வீதி முழுக்கச் சனம். தூக்குக்காவடி, பாற்செம்பு, கற்பூரச்சட்டி. கால் வைக்க இடமில்லை. சின்னம்மா என் கையை விட்டுவிட்டு அர்ச்சனைச் சீட்டு வரிசைக்குப் போனா. நானும் பின்னால் போனேன். சீட்டு எழுதிய பெடியன் 2009இல் பிறந்திருந்தாலும் கைக்குழந்தையாகத்தான் இருந்திருப்பான்.

"ஆற்ற பேரில அம்மா?"

சித்தப்பாவின் பெயரைச் சொன்னா. "உத்தராடம்."

எழுதிக்கொண்டே கேட்டான், "வெளிநாட்டிலயோ?"

"ஓம் தம்பி."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.