அம்மாவின் கைப்பேசியில் படிக்கப்போகும் பிள்ளைக்கு

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காகப் பாலியல் நலம் பற்றி நாங்கள் செய்துகொண்டிருக்கும் அகப்பக்கத்தில் யூடியூப் காணொளி ஒன்றுகூட இருக்காது. இதைச் சொன்னதும் எங்கள் குழுவிலேயே வருத்தப்பட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காணொளிதானே பார்க்கிறார்கள், பாலியல் நலம் பற்றி எழுத்தில் போட்டால் யார் படிப்பார்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த், பிறை பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் இருப்பது அம்மாவின் கைப்பேசி. அதில் யூடியூப் அம்மாவின் கணக்கில் திறந்தே கிடக்கும். எங்கள் பக்கத்தில் பதித்த காணொளியை மகள் பார்த்தால், அது அம்மாவின் பார்வை வரலாற்றில் பதியக்கூடும். மறுநாள் அம்மா சீரியல் தேடும்போது, மாதவிடாய் தள்ளிப்போவது பற்றி நாலு காணொளி மேலே வந்து நிற்கும். அப்புறம் அந்த வீட்டில் நடக்கும் விசாரணைக்கு எங்கள் அகப்பக்கம் காரணமாக இருக்கக் கூடாது.

நான் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறவள். நிறுவனங்களுக்கு அகப்பக்கம் வடிவமைப்பதுதான் தொழில். அங்கே வாடிக்கையாளர் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எல்லாம் தெரிய வேண்டும். இந்த வேலையில் அது தலைகீழ். வந்தவர் யார் என்று எங்களுக்கே தெரியக் கூடாது. அதனால் வருகையை எண்ணும் கருவி எதையும் போடவில்லை. முகநூல் பொத்தானும் இல்லை, ஏனென்றால் அந்தப் பொத்தான் வழியாகப் போகிற தகவல் விளம்பரமாகத் திரும்பி வரலாம். விளக்கங்களைச் சின்னச் சின்ன ஒலிக்கோப்புகளாகப் பதிவு செய்து எங்கள் சர்வரிலேயே வைக்கிறோம். மலாய்வழி தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் பேசத் தெரிந்து, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் அது உதவும்.

பக்கத்தின் மூலையில் 'உடனே வெளியேறு' என்று ஒரு பொத்தான் உண்டு. தொட்டால் வானிலைப் பக்கம் வந்துவிடும். 'பின்செல்' அழுத்தினாலும் கடைசியாகப் படித்த பக்கம் வராது. ஆனால் திறந்த பக்கங்கள் எல்லாம் உலாவியின் வரலாற்றில் இருக்கத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் தனி முகவரி கொடுக்காமல், எல்லாப் பதிலும் ஒரே முகவரிக்குள் திறப்பதுபோல எழுதினேன். வரலாற்றில் தெரிவது அகப்பக்கத்தின் பெயர் மட்டும்தான், அந்தப் பெயரும் சாதாரணமான பெயர். தேடுபொறியில் இப்படிப்பட்ட பக்கம் மேலே வராது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். வராவிட்டால் பரவாயில்லை. பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியர்கள், டியூஷன் ஆசிரியர்கள் வாய்மொழியாகச் சொல்லிப் பரவட்டும்.

கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் மிஸ்ஸி அக்கா. யோசனை அவருடையது. டியூஷன் நிலையத்தில் காலி மைலோ டின் ஒன்றை வைத்து, வகுப்பில் உள்ள எல்லாரிடமும் ஒரே அளவு தாள் கொடுத்தோம். கேள்வி இருப்பவர்கள் கேள்வி எழுத வேண்டும், இல்லாதவர்கள் அன்று காலை என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத வேண்டும். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது யார் எதை எழுதுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாசி லெமாவும் ரொட்டி சானாயும் நிறைய வந்தன. அவற்றுக்கு நடுவே வந்தவைதான் எங்கள் அகப்பக்கத்தின் உள்ளடக்கம்.

'மூணு மாசமா வரல, நான் ஒண்ணும் தப்பு செய்யல, ஏன்?' 'தூக்கத்துல உடுப்பு நனையுது, இது வியாதியா?' 'வெள்ளை படுது, எலும்பு கரையுதுன்னு பாட்டி சொல்றாங்க.' 'முத்தம் குடுத்தா எய்ட்ஸ் வருமா?' இவை இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை. பள்ளியில் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி பாடத்திட்டத்தில் இருக்கிறது, மலாய்ச் சுருக்கமாக 'பியர்ஸ்' என்பார்கள். படமும் பெயரும் பிள்ளைகளுக்குத் தெரியும். தேர்வில் எழுதிவிடுவார்கள். தன் உடம்பில் நடப்பது அந்தப் படத்தில் உள்ளதுதானா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

மூன்று மாதக் கேள்விக்கு எங்கள் முதல் வரைவு மாதவிடாய் சுழற்சி பற்றிய நீண்ட கட்டுரையாக இருந்தது. மிஸ்ஸி அக்கா படித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு பதில் எங்கம்மா இருக்கு?" என்றார். அன்றிலிருந்து எங்கள் விதி இது: முதல் வரி பதில், விளக்கம் அதற்குக் கீழே, அறிவுரை இருந்தால் கடைசியில். இப்போது அந்தப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: 'உறவு வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் மாதவிடாய் தள்ளிப்போகும். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் இது சகஜம். 90 நாள் தாண்டிவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.' பதின்ம வயதில் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை இயல்புதான் என்பது அடுத்த வரி. உடல் எடை, தேர்வு நேரத்து மன அழுத்தம், ஹார்மோன் எல்லாம் அதற்கும் கீழே. வெள்ளைப்படுதலுக்கும் அப்படியே: எலும்பு கரையவில்லை, தெளிவாகவோ வெண்மையாகவோ இருந்தால் இயல்பு, அரிப்பு, துர்நாற்றம், பச்சை அல்லது மஞ்சள் நிறம், தயிர்போல் திட்டுத்திட்டாக வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான் கட்டணம் என்பதையும் சேர்த்தோம், ஏனென்றால் பிள்ளைகள் முதலில் பயப்படுவது காசுக்கு.

பையன்களின் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பெண் பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு என்று மண்டபம் எடுத்து, உறவினரைக் கூப்பிட்டு, ஏதோ ஒரு விதத்தில் 'நீ வயதுக்கு வந்துவிட்டாய்' என்று சொல்லிவிடுகிறோம். விளக்கம் கொடுப்பதில்லை, ஆனால் ஒரு அத்தையாவது, ஒரு அக்காவாவது பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்வார்கள். பையனுக்கு அதுகூட இல்லை. அவனுக்குக் கிடைப்பது ராத்திரி நேரத்துத் தொலைக்காட்சி வைத்தியர். தமிழ்நாட்டு அலைவரிசைகளில் பல ஆண்டுகளாக ஓடிய அந்த நிகழ்ச்சிகள் இப்போது துண்டு துண்டாகக் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. சின்ன வயதில் தெரியாமல் செய்த தவறால் நரம்பு தளர்ந்துவிட்டது, ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம், கல்யாணம் பண்ணினால் பிள்ளை பிறக்காது, இந்த லேகியம் சாப்பிடு. இதைக் கேட்டு வளர்ந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தாளில் எழுதியிருந்தான்: 'எனக்கு இனிமேல் கல்யாணம் நடக்குமா?' அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் பயத்தை விற்றுக் காசு பார்ப்பதைப் போன்ற கேவலம் வேறு இல்லை.

அவனுக்கான பதில்: சுயஇன்பத்தால் நரம்பு தளராது, மலட்டுத்தன்மை வராது, கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. விந்து ரத்தத்திலிருந்து பிரிந்து வருவதில்லை. விந்தணு விரைகளில் நாள்தோறும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். வெளியேறும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் சுரப்பது. தூக்கத்தில் வெளியேறுவது வளர்ச்சியின் அடையாளம். இவ்வளவுதான், இரண்டு நிமிட ஒலிப்பதிவு. இதை ஒரு ஆண் குரல், அண்ணன் மாதிரியான குரல், அவசரப்படாமல் சொல்ல வேண்டும்.

சில பக்கங்களில் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், நேரத்தைப் போட்டிருக்கிறேன். ஆணுறை கிழிந்தாலோ பாதுகாப்பின்றி உறவு நடந்தாலோ, பரவலாகக் கிடைக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி தொற்றியிருக்குமோ என்ற ஆபத்து இருந்தால், தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பத்து நாள் கழித்து இதைப் படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தடுப்பு மருந்தால் பயனில்லை. அதனால் இந்த இடத்தில் ஒழுக்கம் பற்றிய ஒரு வரிகூட முன்னால் வரக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். குழுவில் ஒரு பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு வழி காட்டிக்கொடுப்பதுபோல் இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்துக்கு வருகிற பிள்ளைக்கு ஏற்கெனவே ஏதோ நடந்துவிட்டது ஐயா, இனி அவளுடைய உடம்பைத்தான் பார்க்க வேண்டும் என்று மிஸ்ஸி அக்கா சொன்னதும் பேசாமல் இருந்தார். சம்மதித்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

எங்களை அதிகம் வாட்டியது சட்டம் பற்றிய பகுதி. இந்த நாட்டில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், சட்டப்படி பாலியல் வல்லுறவு. அந்த வயதில் ஒரு பிள்ளை கர்ப்பமாகி மருத்துவமனைக்குப் போனால், விஷயம் போலீசுக்கும் சமூகநல இலாகாவுக்கும் போகும். இதை எழுதுவதா வேண்டாமா? எழுதினால் பயந்து போகாமலே இருந்துவிடுவாளே என்று கவுன்சலிங் டீச்சர் கவலைப்பட்டார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று மிஸ்ஸி அக்கா சொன்னார்: அறைக்குள் போலீஸ் நுழையும் நிமிடத்தில்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதோடு வாயை மூடிக்கொள்வாள், எங்களிடமும் பேச மாட்டாள். பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. நம்பி வந்தவளிடம் பாதியை மறைத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் நம்பு என்று சொல்ல முடியாது. ஆகவே இப்படி எழுதியிருக்கிறோம்: 'தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், உங்கள் உயிர் முக்கியம். உங்களுக்கு 16 வயது ஆகவில்லை என்றால் மருத்துவமனை புகார் தெரிவிக்கும். அந்த வழக்கில் நீங்கள் குற்றவாளி இல்லை. அந்த ஆண் உங்கள் காதலனாக இருந்தாலும், சட்டம் அவனை விசாரிக்கும்.' கடைசி வரி கசப்பானது, ஆனால் உண்மை. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை ஒரே இடத்தில் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது, 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. அதைக் கேட்டுப் போகலாம் என்பதையும் எழுதினோம்.

இன்னொரு தாளை மறக்க முடியவில்லை: 'ஆன்லைன்ல ஒருத்தர் படம் கேட்டார், அனுப்பிட்டேன், இன்னும் அனுப்பலனா எல்லாருக்கும் காட்டுவேன்றார்.' பெயர் இல்லாத தாளுக்கு எப்படி உதவுவது? அன்று டீச்சர் வகுப்பு முழுவதுக்கும் பொதுவாகப் பதில் சொன்னார், யாரையும் பார்க்காமல். இனிமேல் எதுவும் அனுப்பாதே, காசு கொடுக்காதே, உரையாடலை அழிக்காதே, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் காட்டு. 2017-இல் வந்த, சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் காக்கிறது. தவறான நோக்கத்தோடு பேசிப் பழகி வலைவிரிப்பதற்கே 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. வகுப்பு முடிந்து ஒரு பிள்ளை டீச்சரிடம் வந்தாள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பக்கத்தில் 'டேக் இட் டவுன்' சேவையையும் விளக்கியிருக்கிறேன். காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துவது, இலவசம். இதன் வேலை முறை எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளையின் படம் கைப்பேசியை விட்டு எங்கும் போகாது. படத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண் வரிசை மட்டும் போகும். சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைத் தங்கள் தளங்களில் கண்டுபிடித்து நீக்கலாம். இன்னொருவரிடம் படத்தைக் காட்ட வேண்டாம் என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அகப்பக்கத்திலேயே கேள்விப்பெட்டி வேண்டும் என்று பலர் கேட்டார்கள். வைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையை எழுதிவிட்டு, யாரோ வருவார்கள் என்று காத்திருக்கக் கூடாது. எங்களால் தேடிப் போக முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்று இருக்கிறது. அழைத்த எண் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் தெரியும் என்பதையும் பக்கத்தில் எழுதினேன்.

பெற்றோருக்கான பகுதி சின்னதுதான். இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1 மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி பள்ளியிலேயே இலவசம், 2010-இலிருந்து நடக்கும் திட்டம், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கவே போடுகிறார்கள், ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள். இதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறோம்.

எழுத்து வேலை ஏறக்குறைய முடிந்தது. ஒரு மகப்பேறு மருத்துவர் எல்லாப் பக்கத்தையும் சரிபார்க்கிறார். பெண் குரலுக்கு மிஸ்ஸி அக்காவின் மகள் இருக்கிறார். சுயஇன்பம் பற்றிய பதிலுக்கு ஆண் குரல்தான் கிடைக்கவில்லை. கேட்ட பையன்கள் எல்லாரும், மாதவிடாய் பக்கம் என்றால்கூடப் படிக்கிறேன், அந்த ஒன்று மட்டும் வேண்டாம், என் குரலை வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறார்கள். 18 வயது நிரம்பிய, நம் ஊர்த் தமிழில் இயல்பாகப் பேசத் தெரிந்த அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் எங்கும் வராது. பதிவு பட்டர்வொர்த்தில், ஞாயிறு மதியம். மொத்தம் இரண்டு நிமிடம்தான் பேச வேண்டும்.