பலா மரத்தில் பேஸ் கிட்டார் பாடி: நெக் பாக்கெட் கச்சிதமாக விழுந்துவிட்டது

ஸ்க்ரூ ஒன்றுகூடப் போடவில்லை. நெக்கை (பேஸின் நீளக் கழுத்தை) பாடியில் அதற்காக வெட்டிய குழியான பாக்கெட்டில் அழுத்தி உட்காரவைத்து, நெக் நுனியில் உள்ள ஹெட்ஸ்டாக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே மேலே வருகிறது. இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பாடி, வெறும் உராய்விலேயே தொங்குகிறது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இதன் அருமை பேஸ் கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும், அதனால் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

கையில் இருந்தது பி-பேஸ் (ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ்) வடிவத்தில் ஒரு மலிவு விலைக் கருவி. 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), 20 ஃப்ரெட் (வீணையின் மெட்டு மாதிரி), மேப்பிள் நெக். நெக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நெக் வளையாமல் உள்ளே பிடிக்கும் டிரஸ் ராடு ஒழுங்காக வேலை செய்கிறது, ஃப்ரெட்டும் தேயவில்லை. பாடிதான் ஒட்டுப்பலகை. அதைத் தூக்கிவிட்டு நம் ஊர் மரத்தில் ஒரு பாடி செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை, அதிலும் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் பலா மரம் எலெக்ட்ரிக் பேஸில் என்ன செய்கிறது என்று என் காதாலேயே கேட்க வேண்டும்.

மரம் மதுரை நத்தம் ரோட்டில் ஒரு மரவாடியில் கிடைத்தது. கல்யாண மணைப்பலகை செய்கிறவருக்காக அறுத்து, அவர் எடுக்காமல் விட்டது, வருஷக்கணக்கில் நிழலில் கிடந்து காய்ந்திருந்தது. இப்படிக் காய்ந்திருப்பதுதான் முக்கியம். அப்போதுதான் அறுத்த பலாவில் ஈரமும் பிசினும் இருக்கும், அதில் பாடி செய்தால் சித்திரை வெயிலில் எந்தப் பக்கம் வளையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பேஸ் பாடிக்குக் கால் கன அடிக்குக் கொஞ்சம் மேல் மரம் போதும், அதனால் விலை பெரிதாக உறுத்தவில்லை. வெள்ளைப் பகுதி இல்லாமல் வைரம் பாய்ந்த பகுதி மட்டுமாகப் பார்த்து இரண்டு பலகை எடுத்து, இழைத்து, ஃபெவிகால் வைத்து ஒட்டி, 45 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்தேன். இழைத்த அன்று நல்ல மஞ்சள், இப்போதே லேசாகப் பழுப்பு ஏறிவிட்டது. தேரவாத புத்த பிக்குகளின் காவித் துணிக்கு இந்த மரத்தின் வைரத்தை வேகவைத்துத்தான் சாயம் எடுப்பார்களாம். என் வேலைச் சட்டையைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது.

அவுட்லைன் வெட்டுவது, ஓரம் உருட்டுவது, பிக்கப் குழி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நெக் பாக்கெட்டுக்கு வருகிறேன்.

ரவுட்டர் (மரத்தில் குழி குடையும் மின் கருவி) வேலைக்கு ஆரப்பாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரி பட்டறையில் இடம் கொடுத்தார். கதவு, ஜன்னல், கட்டில் என்று முப்பது வருஷம் பார்த்த கை. நெக்கைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ரெண்டு பக்கமும் அரை நூல் விட்டுருங்க தம்பி, பாலிஷ் ஏறுனா இறுகிக்கும்.” கதவுக்கு அது சரி. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதில் பாதி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். நெக்குக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு இடம் விட்டால் கடைசி மெல்லிய கம்பியான ஜி கம்பி ஃப்ரெட்போர்டு ஓரத்தில் போய் விழும், வாசிக்கும்போது விரல் கொஞ்சம் தள்ளினாலே கம்பி வெளியே வழுக்கும். “அண்ணே, இதுல ஒரு பேப்பர் கனம்தான் விடணும்” என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அப்ப வார்ப்பலகையை நெக்கை வெச்சே எடுங்க, டேப்பை நம்பாதீங்க” என்றார். அந்த ஒரு பேச்சு மொத்த வேலையையும் காப்பாற்றியது.

கிடைக்கிற வரைபடம் எல்லாவற்றிலும் பாக்கெட் அகலம் 63.5 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம், ஆழம் 16 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். என் நெக்கின் அடிப்பகுதியைக் காலிப்பரில் அளந்தால் 63.1 வருகிறது, அதுவும் ஒரு முனையில். கொஞ்சம் தள்ளி அளந்தால் 62.9. வரைபடத்தை நம்பி எம்டிஎஃப் பலகையில் டெம்ப்ளேட் (ஆசாரி சொன்ன வார்ப்பலகை, ரவுட்டருக்கு வழிகாட்டும் அச்சு) வெட்டியிருந்தால் அங்கேயே அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்திருக்கும். அதனால் 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் நேரான விளிம்புள்ள இரண்டு பட்டைகளை நெக்கின் இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்தி, நடுவில் ஒரே ஒரு தாள் மட்டும் வைத்து, குறுக்கே மூன்றாவது துண்டைக் கொடுத்து இறுக்கி, நெக்கையே அச்சாக வைத்து டெம்ப்ளேட் எடுத்தேன். நெக் லேசாகக் கூம்பிப் போவதால் பட்டைகளும் அந்தக் கூம்பலை அப்படியே வாங்கிக்கொண்டன. அளவு நாடாவுக்கு வேலையே இல்லை.

பாடியில் அதை எங்கே ஒட்டுவது என்பதற்கு நூல் பிடித்தேன். கொத்தனார் பிடிப்பது மாதிரியேதான். இரண்டு ஓரத்துக் கம்பிகளான இ, ஜி இரண்டுக்கும் நட்டிலிருந்து (நெக் நுனியில் கம்பியைத் தாங்கும் துண்டு) பாடியில் கம்பி முடியும் பிரிட்ஜ் வரை கறுப்பு நூல் இழுத்துக் கட்டி, ஃப்ரெட்போர்டின் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு இடம் வரும்வரை டெம்ப்ளேட்டை நகர்த்தி, அப்புறம்தான் இரண்டு பக்க டேப் போட்டு ஒட்டினேன். பாடியின் நடுக்கோட்டை மட்டும் நம்பக் கூடாது, நெக்கும் பிரிட்ஜும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், அதுதான் கணக்கு.

முதலில் ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் துளை போட்டுப் பெரும்பகுதி மரத்தை எடுத்துவிட்டேன். மிச்சத்தை, டெம்ப்ளேட் ஓரத்தை ஒட்டி உருளும் பேரிங் பிட்டில் ஒரு தடவைக்கு 3 மி.மீ. என்று இறக்கினேன். பலாவில் நார் ஒரே பக்கம் ஓடுவதில்லை, இங்கே ஒரு பக்கம், இரண்டு விரற்கடை தள்ளி எதிர்ப்பக்கம். எதிர் நாரில் ரவுட்டர் வேகமாகப் போனால் பெயர்த்துவிடும், பயந்து மெதுவாகப் போனால் மூலையில் கருகும். கூர் மழுங்காத பிட், நிறுத்தாத கை, இரண்டும் வேண்டும். (மேல் பேரிங் உள்ள குட்டை பிட் மதுரையில் தேடி அலுத்துவிட்டேன். ஹார்டுவேர் கடைகளில் நீள பிட்தான் இருக்கிறது, அதில் 16 மி.மீ. ஆழம் போக டெம்ப்ளேட்டைத் தடித்து வைக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் ஆன்லைனில் வரவழைத்தேன், முதலில் வேறு அளவை அனுப்பி, மாற்றித் தர அவ்வளவு இழுத்தடித்தார்கள். கால் அங்குல ஷாங்க்கா (ரவுட்டரில் மாட்டும் தண்டு), 8 மி.மீ. ஷாங்க்கா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.)

பக்கச்சுவர் முடிந்தது. அதைவிட முக்கியம் அடித்தளம், அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பாக்கெட் நீளம் 95 மி.மீ. அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு முனை அரை மில்லிமீட்டர் தாழ்ந்தால், பாக்கெட் வாயிலிருந்து சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) வரை உள்ள 360 மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். சாடிலை ஏற்றி இறக்கிச் சமாளிக்க வேண்டிய மொத்த இடத்தையும் அதுவே தின்றுவிடும்.

தளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கார்பன் தாள் பயன்படுத்தினேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிக்கும் இடங்களில் இன்னும் கார்பன் தாள் கிடைக்கிறது. மை பாக்கெட் தளத்தைப் பார்க்கும்படி வைத்து, நெக்கை அழுத்தி எடுத்தால் மேடு இருக்கும் இடம் மட்டும் நீலமாகத் தெரியும். அந்த நீலத்தை மட்டும் அகல உளியால் சுரண்டி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டி. ஆரம்பத்தில் பின் ஓரத்தில் இரண்டு புள்ளியில் மட்டும் ஒட்டியது. போகப்போக நீலம் பரவி, கடைசியில் தளம் முழுக்க ஒரே சீராகப் படிந்தது. இதற்கு உப்புத்தாளைத் தொடவே கூடாது, ஓரத்தை உருட்டிவிடும். பல பேர் செய்யும் தவறு அதுதான். உளி, இல்லாவிட்டால் ஸ்கிரேப்பர்.

அப்புறம் ஸ்க்ரூ துளை. பாடியில் போடும் துளை ஸ்க்ரூவை விடப் பெரிதாக, 5 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்க்ரூ அதில் தாராளமாக நுழைந்து போகட்டும். மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடியிலும் பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் இடைவெளி அப்படியே நிற்கும். நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுக்கும் கருவியில் அந்த இடைவெளி இருக்கவே கூடாது. மேப்பிளில் 3.2 மி.மீ. துளை, ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் சோப்பு.

சரி, சத்தத்துக்கு வருவோம். மரம் டோனை மாற்றுமா என்று வருஷக்கணக்கில் சண்டை நடக்கிறது. பிக்கப்பில் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும். எஃகுக் கம்பி அசைந்தால் காந்தப் புலம் மாறும், சுருளில் மின்சாரம் வரும். மரம் எவ்வளவு அதிர்ந்தாலும் பிக்கப்புக்கு அது தெரியாது. மரத்தால் செய்ய முடிந்தது ஒன்றுதான், கம்பியின் சக்தியில் எந்த அலைவரிசையை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்பது. வீணையில் குடம்தான் சத்தத்தைக் காற்றில் பரப்புகிறது, அங்கே பலா என்றால் பலா. கட்டைப் பாடியில் அந்த வேலையே கிடையாது. ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை ஆஷ் மரத்தில் செய்தார்கள், 1956 வாக்கில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார்கள். ஆல்டரில் துவாரம் குறைவு, பெயின்ட் சுலபமாக ஏறும் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். ஆம்பெக் கம்பெனி 1969-இல் கண்ணாடி மாதிரி அக்ரிலிக்கிலேயே பேஸ் செய்தது. அதுவும் பேஸ் மாதிரிதான் ஒலித்தது.

அதனால் மூன்று ஒலிப்பதிவு எடுத்தேன். முதலாவது, பழைய பாடி வாங்கியபடியே. இரண்டாவது, அதே பழைய பாடியில் பாக்கெட்டில் கிடந்த பெயின்ட் மேடுகளையும் அட்டைத் துண்டையும் எடுத்துவிட்டு, தளத்தைச் சுரண்டி, ஸ்க்ரூ துளையைப் பெரிதாக்கி. மூன்றாவது, பாலிஷ் போடாத பலா பாடியில். நெக், பிரிட்ஜ், பிக்கப், பாட் (வால்யூம், டோன் திருகு), 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், எல்லாம் அதே. கம்பியும் அதே செட், புதுக் கம்பி மாட்டினால் அதன் பளபளப்புச் சத்தமே மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிக்கப் உயரத்தைக் காலிப்பரில் அளந்து ஒரே மாதிரி வைத்தேன், ஏனென்றால் பிக்கப் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே எந்த மரத்தையும் விட அதிகமாகச் சத்தம் மாறும். ஆம்ப் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டர் ஆடியோ இன்டர்ஃபேஸில்.

முதல் பதிவுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் நன்றாகவே கேட்கிறது. திறந்த இ கம்பி, 41 ஹெர்ட்ஸ், முன்பு தட்டியவுடன் தொய்ந்து போகும், இப்போது நின்று பேசுகிறது, ஏ கம்பியின் மேல் ஃப்ரெட்டுகளில் தெளிவு கூடியிருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டால் எது எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கச்சேரியில் வாசிக்கும் நண்பன் ஒருவனும் கேட்டான், அவனாலும் முடியவில்லை. கீழ் மிட்டில் (நடுத்தர ஒலியின் கீழ்ப்பகுதியில்) பலா ஒரு துளி கனமாக இருப்பது போல எனக்குத் தோன்றுகிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் பிடித்து வாசித்தால் வேறு கருவி. பாடி விலா எலும்பில் அதிர்வது தெரிகிறது, எடை கூடியதால் நெக் தலைகுனிவது நின்றுவிட்டது, நானும் வேறு மாதிரி வாசிக்கிறேன். பலாவுக்கு நான் கொடுக்கும் மதிப்பு அங்கேதான். மரத்துக்குக் காசு சேர்க்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இருக்கிற பாடியில் நெக்கைக் கழற்றிப் பாக்கெட்டைப் பாருங்கள், கார்பன் தாளோடு.

ஒன்று மட்டும் எந்தப் பாடியிலும் மாறவில்லை. ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், 131 ஹெர்ட்ஸ் சி ஸ்வரம், அங்கே மட்டும் சத்தம் பொத்தென்று விழுந்துவிடுகிறது. இந்த வகை பேஸ்களில் அந்தப் பக்கம் செத்த இடம் இருப்பது சகஜம், காரணம் பாடி அல்ல, நெக்கின் சொந்த அதிர்வு. மூன்று பதிவிலும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. ஹெட்ஸ்டாக்கில் சின்ன சி-கிளாம்ப் ஒன்றை மாட்டினால் அது நகர்கிறது, அந்த சி நன்றாக நிற்கிறது. எத்தனை கிராம் எடை, ஹெட்ஸ்டாக்கில் எந்த இடம் என்று பார்க்கப் பித்தளைத் துண்டு வெட்டி வாங்க வேண்டும், மீனாட்சி பஜாருக்கு இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டிங் செம்பு டேப் வாங்கப் போகும்போது அந்த வழியில் லேத் பட்டறையிலும் கேட்டுவிடுவேன்.

இதற்கு நடுவில் பூவரசு மரத்தில் ஒரு ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத) பேஸ் பாடி என்று மனசு போய்விட்டது. மேலூர் பக்கம் ஒரு தெரிந்தவர் வயல் வரப்பில் விழுந்த மரம் கிடக்கிறது, அறுத்து நிழலில் அடுக்கிவிட்டால் அடுத்த வருஷத்துக்குள் காய்ந்துவிடும். அதற்கும் இதே நெக் டெம்ப்ளேட் முறைதான்.

பலாவுக்குப் பாலிஷ் இப்போது போட மாட்டேன். ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். தை பிறந்து காற்று காய்ந்ததும் சீலர் இரண்டு கோட், மேலே மெல்லிய மேட் லாக்கர். பாக்கெட்டுக்குள் மட்டும் ஒரு சொட்டுகூடப் போகாதபடி டேப் ஒட்டிவிட்டுத்தான் ஸ்ப்ரே துப்பாக்கியை எடுப்பேன். ஆசாரி அண்ணன் தானே வந்து அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.